முறுக்கு அச்சு டப்பாவில் வைத்த கிளிப்பு

தேர்தல் முடிந்து ஸ்டேஷனிலிருந்து துப்பாக்கி திரும்பி வந்த அன்றைக்கு நீலாவதி சமையலறைப் பரணிலிருந்து முறுக்கு அச்சு டப்பாவை இறக்கித் திறந்தாள். உள்ளே ஒன்றுமில்லை.

"ஆனந்தி, இதுல இருந்த வில்லைங்கள்லாம் எங்க?"

மருமகள் துணி மடித்துக்கொண்டே சொன்னாள். "முத்தம்மா அத்தைக்குக் குடுத்துட்டேன். அவங்க பொண்ணு சீமந்தத்துக்கு முறுக்கு சுடணும்னு கேட்டாங்க. ஏன், நாம இப்ப இன்னா சுடப் போறோம்?"

நீலாவதி புடவைத் தலைப்பை இழுத்துச் செருகிக்கொண்டு அதே தெருவில் இருந்த முத்தம்மா வீட்டுக்குக் கிளம்பினாள்.

அமிர்தி ரோட்டில் அவளைத் தெரியாதவர்கள் இல்லை. அவளிடம் நாலு வார்த்தை பேசியவர்களும் அதிகம் இல்லை. காலைப் பஸ்ஸில் கணியம்பாடிக்குப் போய், நகைக்கடை வாசலில் காக்கிச் சட்டையும் இடுப்பில் ரிவால்வருமாக நிற்பவள். அது அவள் புருஷன் கிருஷ்ணனுடையது. ராணுவத்திலிருந்து வந்தபின் ஒரு ரிட்டையர்டு அதிகாரியிடம் முறையாக வாங்கிய வெளிநாட்டுப் பழைய துப்பாக்கி. அதே வாசலில் அவர்தான் முதலில் நின்றார். அவர் போனபின், லைசென்ஸைத் தன் பேருக்கு மாற்ற நீலாவதி கலெக்டர் ஆபீஸ் படிகளை ஏறி இறங்கினாள். பால்வாடியில் ஆயா வேலைக்குச் சொல்கிறேன் என்று தம்பி சொன்னதற்கு மாட்டேன் என்றாள். காரணம் யாருக்கும் சொல்லவில்லை. இடுப்பில் அது இருந்தால் யாரிடமும் அதிகம் பேச வேண்டியதில்லை. பார்த்துக்கொண்டு நின்றால் போதும். பார்ப்பது அவளுக்கு நன்றாக வரும்.

அந்தத் துப்பாக்கியில் ஒரு சங்கடம் உண்டு. மற்ற ரிவால்வர் தோட்டாக்களுக்கு அடியில் விளிம்பு இருக்கும். அது சுழலும் சிலிண்டரின் துளை வாயில் தட்டி நிற்கும். இதன் தோட்டாவுக்கு விளிம்பு கிடையாது. வெறுமனே போட்டால் உள்ளே வழுக்கிப் போய்விடும். விசையை இழுத்தாலும் 'டிக்'கென்று சத்தம் மட்டும்தான் வரும். அதனால் மெல்லிய எஃகுத் தகடு ஒன்று வேண்டும். ஓரத்தில் ஆறு இடத்தில் கடித்து வைத்த மாதிரி இருக்கும். ஆறு தோட்டாவையும் அதில் மாட்டி ஒரே தடவையாக உள்ளே இறக்க வேண்டும். சுட்டு முடித்தால் வெற்றுக் கூடுகள் அதோடு சேர்ந்து வெளியே வரும். கடைக்காரர்கள் அதை மூன் கிளிப் என்பார்கள். நீலாவதிக்கு அது கிளிப்பு. இரண்டு இருந்ததில் ஒன்று கிருஷ்ணன் காலத்திலேயே உடைந்துவிட்டது.

தேர்தல் வந்தால் லைசென்ஸ் துப்பாக்கிகள் எல்லாம் ஸ்டேஷனுக்குப் போய்விடும். துப்பாக்கிக்கும் தோட்டாவுக்கும் ரசீது உண்டு. இந்தத் தகட்டுக்கு ஏது ரசீது? அங்கே குவியலில் விழுந்தால் போனதுதான் என்று நினைத்து வீட்டிலேயே வைத்துக்கொண்டாள். தீபாவளி வரைக்கும் யாரும் தொடாத இடம் எது என்று யோசித்து முறுக்கு டப்பாவில் போட்டாள். வட்டத் தகடுகளோடு வட்டத் தகடாக அது இருந்துகொண்டது. தன் புத்திசாலித்தனத்தை நினைத்து அன்றைக்குக் கொஞ்சம் சந்தோஷம்கூடப் பட்டாள்.

முத்தம்மா வாசலில் வெங்காயம் உரித்துக்கொண்டிருந்தாள்.

"வா நீலா, அதிசயமா கீதே! நானே கேக்கணும்னு இருந்தேன். அது இன்னாடி அச்சு? நடுவுல மாவே வரல, ஓரத்துல பல்லு பல்லா பிதுங்குது. நாங்க சிரிச்ச சிரிப்புல எண்ணெ காஞ்சே பூடுச்சு."

"அதுலயா புழிஞ்ச?"

"விடுவனா? அடம் புடிக்குதேன்னு மருமவன உட்டு அமுக்கச் சொன்னேன்."

கழுவிக் காயவைத்த வில்லைகளுக்கு நடுவில் கிளிப்பு கிடந்தது. சின்னக் கிண்ணம் மாதிரி குழிந்திருந்தது. நீலாவதி அதை எடுத்து உள்ளங்கையில் வைத்துக்கொண்டு அப்படியே உட்கார்ந்துவிட்டாள்.

விஷயம் தெரிந்ததும் முத்தம்மா வாயில் கை வைத்தாள். "துப்பாக்கியோடதா? எம்மா! அந்த முறுக்கத்தான சம்பந்தி வூட்டுக்கு அனுப்பிக்கிறேன்!"

நீலாவதிக்குச் சிரிப்பு வரவில்லை. வெள்ளிக்கிழமை, அவளை வேலைக்கு வைத்த செக்யூரிட்டி ஏஜென்சியில் டெஸ்ட். வருஷத்துக்கு ஒருமுறை அதன் காவலாளிகளான கார்டுகள் எல்லோரையும் துப்பாக்கி சுடும் ரேஞ்சுக்கு வரச்சொல்லிச் சுடவைப்பார்கள். துப்பாக்கி வேலை செய்யாதவர்களுக்கு நகைக்கடை இல்லை. ஸ்ரீபெரும்புதூர்ப் பக்கம் ஏதாவது கம்பெனி கேட்டில், தடியோடு, அங்கேயே தங்கி நிற்க வேண்டியதுதான். சாயங்கால பஸ்ஸில் வந்து பேத்தி பூஜாவைத் தூக்கிக்கொள்வதெல்லாம் போய்விடும்.

"எழுந்திரு. நான் கெடுத்தது, நானே வர்றேன்" என்றாள் முத்தம்மா. கையைக்கூடச் சரியாகக் கழுவவில்லை. வேலூர் போகும் வரை பஸ் பூராவும் வெங்காய வாசனை.

துப்பாக்கிக் கடை கோபால்சாமி கிளிப்பில் டம்மி தோட்டாக்களை மாட்டி, நீலாவதி கொண்டுவந்த ரிவால்வரில் இறக்கி, சிலிண்டரைச் சுற்றிப் பார்த்தார். பாதியில் கரகரவென்று உரசி நின்றுவிட்டது.

"தட்டி நிமித்தலாம்மா. ஆனா பழைய மாதிரி படியாது. நம்பி எடுத்துனு போகக்கூடாது. புதுசுக்குச் சொல்லி வெக்கிறேன். இந்த மாடலுக்கு எங்க கெடைக்குதுன்னு தேடணும், நாளாகும்."

"கட பூரா துப்பாக்கி வெச்சிக்கிறீங்க, ஒரு தகரத்துண்டு இல்லியா?" என்றாள் முத்தம்மா.

"நான் வெச்சினு இல்லேங்கறனா? இதுல அளவு மாறுனா சேராதும்மா." அவர் கிளிப்பைக் கழற்றித் திருப்பிக் கொடுத்தார். "பஞ்சாட்சரம்னு ஒருத்தர், ஆற்காட்டுல ரைஸ்மில் கார்டு. இவங்களுது மாதிரியே துப்பாக்கி ஒண்ணு வெச்சிருக்காரு. வெள்ளிக்கிழம அவரும் ரேஞ்சுக்கு வருவாரு. கேட்டுப் பாருங்க."

கேட்பதா? ரேஷன் கடையில் எடை குறைந்தால்கூட வாய் திறக்காமல் வீட்டுக்கு வருகிறவள் நீலாவதி. தெரியாத ஆம்பளையிடம் போய், அதுவும் டெஸ்ட் அன்றைக்கு?

வெள்ளிக்கிழமை ரேஞ்சு வாசலில் முத்தம்மாவை உள்ளே விடவில்லை. "போ, நான் இங்கியே குந்திக்கினு இருக்கேன்" என்று வேப்பமரத்தடியில் உட்கார்ந்துவிட்டாள்.

உள்ளே கார்டுகள் வரிசையாக பெஞ்சில் இருந்தார்கள். ஏறக்குறைய எல்லோரிடமும் நீளத் துப்பாக்கி. நீலாவதி ஒவ்வொருவர் கையாகப் பார்த்துக்கொண்டே வந்தாள். கடைசி பெஞ்சில், நரைத்த மீசைக்காரர் ஒருவர் அரைவட்டத் தகடு ஒன்றைக் கைக்குட்டையால் துடைத்துக்கொண்டிருந்தார். இவர்தான். அவர் பின்னால் போய் நின்றாள். சூப்பர்வைசர் ரஞ்சித்குமார் ஒவ்வொரு பேராகக் கூப்பிட்டுக்கொண்டிருந்தார். பேர் வரிசையில் அவளுக்கு முன்னால் இருந்தவர் எழுந்து போய்விட்டார்.

நீலாவதி கையை நீட்டி, குழிந்த கிளிப்பை அவர் முன்னால் காட்டினாள்.

மீசைக்காரர் திரும்பினார். "இன்னாம்மா இது? லாரி ஏறிடுச்சா?"

"முறுக்கு புழிஞ்சிட்டாங்கண்ணே."

அவர் சிரித்த சிரிப்பில் பெஞ்சே ஆடியது. நாலு பேர் திரும்பிப் பார்த்தார்கள். நீலாவதிக்குக் காது சுட்டது. ஆனால் நகரவில்லை.

"என்னுது முறுக்கு டப்பால இருந்துச்சு. வேற இல்ல. இன்னைக்கு சுடலன்னா வேல போய்டும். உங்களுது மாதிரியேதான் என்னுதும். சுட்டுட்டுக் குடுத்துடறேண்ணே." அவள் வாழ்நாளில் தெரியாதவரிடம் ஒரே மூச்சில் இவ்வளவு பேசியதில்லை.

பஞ்சாட்சரம் சிரிப்பை நிறுத்தினார். அவளுடைய காலித் துப்பாக்கியை வாங்கி, திறந்து, தன் தகட்டை அதன் மேல் வைத்துப் பார்த்தார். சட்டைப் பையிலிருந்து இன்னொரு ஜோடி எடுத்தார். "அரை நிலா இது. ஒண்ணுக்கு மூணு. ரெண்டும் போட்டா ஆறு. மெதுவா இறக்கு, ரெண்டும் ஒண்ணுமேல ஒண்ணு ஏறக்கூடாது. போம்மா, கூப்புடறாங்க."

நீலாவதி போய் நின்றாள். தோட்டாக்கள் இறங்கின. சிலிண்டர் எண்ணெய் விட்ட மாதிரி சுற்றியது. ஆறும் வெடித்தன. அட்டையில் எல்லாம் நடுவில் விழவில்லை. விழ வேண்டிய அளவுக்கு விழுந்தன. ரஞ்சித்குமார் பேரேட்டில் கையெழுத்துப் போட்டுவிட்டு, "திங்கக்கிழம அதே எடந்தாங்க, கணியம்பாடி" என்றார்.

வெற்றுக் கூடுகளைத் தகட்டிலிருந்து ஒவ்வொன்றாகக் கழற்றி ஒப்படைத்தாள். விரல் நுனியெல்லாம் வலித்தது. தகடு இரண்டையும் தலைப்பில் துடைத்துக்கொண்டு போய் நீட்டினாள். பஞ்சாட்சரம் வாங்கவில்லை.

"கோபால்சாமி வரவழைக்கிற வரைக்கும் வெச்சிக்க. வெறுந்துப்பாக்கியோட நகைக்கடை வாசல்ல நிப்பியா? எனக்கு இன்னொரு ஜோடி கீது."

"பெரிய ஒத்தாசைண்ணே" என்றாள். அது போதவில்லை என்று அவளுக்கே தெரிந்தது. இன்னும் ஏதாவது சொல்ல வேண்டும் என்று நின்றாள். அவர் அடுத்த ஆளைப் பார்த்துத் திரும்பிவிட்டார். அவர் முதுகைப் பார்த்துக் கும்பிட்டுவிட்டு வெளியே வந்தாள்.

வேப்பமரத்தடியில் முத்தம்மா எழுந்து ஓடி வந்தாள். கண்ணெல்லாம் சிவந்திருந்தது.

"சுட்டியாடி?"

"சுட்டேன்."

"எல்லாமேவா?"

"எல்லாமே."

முத்தம்மா மூச்சு விட்டாள். "வெளிய டமால் டமால்னு கேட்டுக்கினே இருந்துச்சு. எது உன்னுதுன்னு எனக்கு இன்னா தெரியும்? கேட்ட ஒவ்வொண்ணுக்கும் கும்புட்டுக்கினு இருந்தேன்."

நீலாவதி அவள் கையைப் பிடித்துக்கொண்டாள். பஸ் வரும் வரை விடவில்லை.