உப்பு றோட்டுக்கு ஒரு சில்லு

சைக்கிள் சில்லை நாக்கால் ருசி பார்த்த நாளில்தான் எல்லாம் தொடங்கியது. சிரிக்காதீர்கள். வேலையால் வந்து, சித்தப்பா வீட்டு பேஸ்மென்டில் சைக்கிளைச் சாத்திவிட்டுத் தேத்தண்ணீர் குடித்துக்கொண்டிருந்தேன். கறுப்பாக நனைந்து வந்த சில்லு, காயக் காய வெள்ளையாகிக்கொண்டிருந்தது. றிம், கம்பிகள், நடுவில் இருக்கும் ஹப், எல்லாவற்றிலும் மெல்லிய வெள்ளைப் படை. விரலால் தேய்த்து நாக்கில் வைத்தேன். உப்பு! யாழ்ப்பாணத்துப் பாசையூர்க் கடற்கரையில் ஒரு பகல் நிறுத்திவைத்த சைக்கிளில் படியும் அதே உப்பு, கடலே இல்லாத ரொறன்ரோ மில்லிக்கனில், ஒரு பேஸ்மென்டுக்குள். இது எனக்குத் தெரிந்த எதிரி ஆயிற்றே என்று அந்த நிமிடம் தோன்றியது.

ஊரில் இருந்து வாசிப்பவர்கள் இதை நம்பமாட்டீர்கள். ஆனையிறவு உப்பளத்தில் வெயிலில் நின்று வாரி எடுக்கிற பொருளை இங்கே லொறியில் கொண்டுவந்து தெருத்தெருவாக விசிறிவிட்டுப் போகிறார்கள், ஐஸ் பிடிக்காமல் இருக்க. நீங்கள் படங்களில் பார்க்கும் வெள்ளை வெளேரென்ற பனிமாரி ரொறன்ரோவில் கொஞ்ச நாட்களுக்குத்தான். மிச்ச நாளெல்லாம் மழையும் பாதி கரைந்த பனியும் உப்பும் சேர்ந்த சாம்பல் நிறச் சேறு. அதற்குள்ளால்தான் தினமும் யூனியன்வில்லுக்குப் போகிறேன். அங்கே ஒரு பல் மருத்துவ நிலையத்தில் காலையில் கதவைத் திறப்பவள் நான், திறப்பு என்னிடம்தான். நான் பிந்தினால், வலிக்கிற கன்னத்தைப் பிடித்துக்கொண்டு யாராவது வெளியே விறைத்துப்போய் நிற்பார்கள்.

பஸ் இருக்கிறது, இரண்டு மாறவேண்டும். கார் ஓடவும் தெரியும். ஆனால் யாழ்ப்பாணத்துப் பெட்டைக்குச் சைக்கிள் என்பது இன்னொரு சோடிக் கால். ரியூஷன், பள்ளிக்கூடம், கம்பஸ் எல்லாவற்றுக்கும் மாரி வெள்ளத்தில் பாவாடை நனைய நனைய மிதித்துப் போனவளை, 'குளிர், நீ பஸ்ஸில் போ' என்று சொன்னால் விடுவாளா? வந்த வருடமே, கொம்பு மாதிரி ஹாண்டில் வளைந்த ஒரு றோட் பைக்கைப் பழையதாக வாங்கினேன். மெல்லிய உடம்பு, டிஸ்க் பிறேக், பறக்கும். சில்லும் அப்படித்தான்: அழகு, இலேசு, அங்கொன்றும் இங்கொன்றுமாகக் கம்பி. கோடைக்கென்று பிறந்த சில்லு.

உப்பு என்று கண்டதும் பாசையூர்க்காரி என்ன செய்வாள்? எண்ணெய் பூசுவாள். எங்கள் பக்கத்தில் மீன் விற்கப் போகிறவர்களின் சைக்கிள்கள் எண்ணெய்ச் சீலையால் துடைத்துத் துடைத்தே வருடக்கணக்காக ஓடுகின்றன. நான் சித்தியின் குசினிக்குள் போய்த் தேங்காயெண்ணெய்ப் போத்தலை எடுத்துவந்தேன். கம்பிக்குப் பூசினேன். அதோடு நின்றிருக்கலாம். பின் ஹப்பைக் கழற்றி அதற்குள்ளும் தாராளமாக விட்டேன். அதற்குள் சின்னப் பற்கள் இருக்கின்றன. மிதித்தால் அவை கொழுவிப் பிடித்துச் சில்லைச் சுற்றும், மிதிக்காவிட்டால் வழுக்கி 'டிக் டிக்' என்று பாடும். அன்றிரவு சைக்கிளை வெளியே கராஜில் விட்டேன். விடிய அரைவாசித் தூரம் போனதும் ஒரு சிக்னலில் நின்று மீண்டும் மிதித்தேன். பற்கள் கொழுவவில்லை, கால் காற்றில் சுற்றியது. சைக்கிள் நின்ற இடத்தில் நின்றது.

குளிருக்குத் தேங்காயெண்ணெய் உறையும் என்பது சித்தியின் போத்தலைப் பார்த்த எவருக்கும் தெரியும். பௌதிகவியல் படித்த எனக்குத்தான் அந்த நேரம் அது ஞாபகம் வரவில்லை. சித்தப்பா காரில் வந்து ஏற்றிப்போனார். நிலையத்து வாசலில் ஒரு வயதான மனிதர் கன்னத்தைப் பிடித்தபடி நின்றதை இன்னும் மறக்கவில்லை. பின்னேரம் சித்தி காத்திருந்தா.

"உது தலைக்கு வைக்கிற எண்ணெயடி! சைக்கிளுக்கு முழுக்கு வாத்தனியே?"

"உப்புக்கு எண்டு..."

"ஒரு கதையும் வேண்டாம். விழுந்து கிழுந்து போனா கொம்மாவுக்கு ஆர் பதில் சொல்லுறது? இந்த மாரிக்குள்ள இன்னொருக்கா உது உன்னை நடுறோட்டில விட்டுதெண்டா, சைக்கிளை வித்துப்போட்டுக் காரில போறாய். சரியே?"

"ஓம்," என்றேன். அடுத்த நாளே சைக்கிளைக் கடைக்குக் கொண்டுபோனேன்.

சைக்கிள் கடைப் பெடியன் ஹப்பைத் திறந்து மூக்கருகே வைத்து மணந்து பார்த்தான். "கேக் ஏதும் செய்தீர்களா?" என்று ஆங்கிலத்தில் கேட்டான். கழுவிக் குளிருக்கு இளகிநிற்கும் கிறீஸ் போட்டுத் தந்தான். ஆனால் கம்பியை றிம்மோடு இறுக்கிவைக்கும் அலுமினிய நிப்பிள்களை உப்பு தின்றுவிட்டிருந்தது. இறுக்கும் சாவியால் பிடித்துத் திருப்பினால் பிஸ்கட் போல் உதிர்ந்தன. புதுச் சில்லுத்தான் வழி என்றவன், சுவரில் தொங்கிய ஒரு கார்பன் சில்லைக் காட்டினான். இன்னும் இலேசாம், இன்னும் குறைந்த கம்பியாம்.

"கம்பி அறுந்தால்?"

"அறாது."

"அறுந்தால்?"

அவன் என்னை ஒரு மாதிரிப் பார்த்தான். விலைக்குப் பின்வாங்குகிறேன் என்று நினைத்தானோ என்னவோ, விலையில் கழிவு தரலாம் என்றான். இந்த நாட்டில் பொருள் உடையாது என்று நம்பி வாங்குகிறார்கள், உடைந்தால் மாற்றுகிறார்கள். நான் வந்த இடத்தில் முதல் கேள்வியே 'உடைந்த பிறகும் வீடு கொண்டுபோய்ச் சேர்க்குமா' என்பதுதான். கழிவும் வேண்டாம் கார்பனும் வேண்டாம் என்று, முப்பத்திரண்டு துளை உள்ள தடித்த அலுமினிய றிம், எந்தக் கடையிலும் கிடைக்கும் சாதாரண துருப்பிடிக்காத கம்பி, பித்தளை நிப்பிள், தண்ணீர் புகாமல் மூடிய பெயரிங் உள்ள ஹப், அகலமான ரயர் என்று உதிரியாக வாங்கினேன். கட்டுவது நான்.

பேஸ்மென்டில் சைக்கிளைத் தலைகீழாக நிறுத்தி, முதலில் பின் சில்லைக் கட்டினேன். கம்பி கோர்ப்பது பூத்தொடுப்பது போல என்று நினைத்தவள், இரண்டு முறை முழுதாகக் கழற்றினேன். இறுக்கம் சரி பார்க்கக் கம்பியைச் சுண்டிச் சத்தம் கேட்கவேண்டும். ஹொக்கி பார்த்துக்கொண்டிருந்த சித்தப்பா ரிவியின் சத்தத்தைக் குறைத்தார். அவர் கோயில் பாடகர் குழுவில் கீபோர்ட் வாசிக்கிறவர். பிசகிய சுரத்தைக் கேட்டால் அவருக்குச் சோறு இறங்காது.

"பிள்ளை, அந்த மூண்டாவது இறங்கி நிக்குது."

இறுக்கினேன்.

"இப்ப கூடிப்போச்சு. ஆ... நிப்பாட்டு. அப்ப மற்றப் பக்கத்துக் கம்பியள் ஏன் முழுக்கக் கீழ்ச் சுருதியில கிடக்கு?"

"அது அப்பிடித்தான் சித்தப்பா. செயின் பக்கம் கூட இறுக்கம், மற்றப் பக்கம் குறைய. அப்பத்தான் றிம் நடுவில நிக்கும்."

"அட, ரண்டு குரல் பாட்டெண்டு சொல்லன்!"

றிம் ஆடாமல் சுற்றியபோது நாங்கள் இருவரும் கை தட்டினோம். மேலேயிருந்து சித்தி, "ஆர் கோல் அடிச்சது?" என்று கேட்டா.

முன் சில்லையும் கட்டி முடித்த பிறகுதான் மறந்திருந்த பாதி ஞாபகம் வந்தது. பாசையூரில் எண்ணெய் இரண்டாவது வேலை. முதல் வேலை, வந்தவுடன் கிணற்றடியில் இரண்டு வாளி நல்ல தண்ணீர். உப்பின் மேல் எண்ணெய் பூசினால் உப்பு உள்ளே இருந்து தின்னும். அன்றுமுதல் பூமரத்துக்குத் தண்ணீர் விடும் வாளியில் வெதுவெதுப்பான நீரோடு பின்வாசலில் நிற்பேன். ஊற்றி, துடைத்து, செயினுக்கு மட்டும் எண்ணெய். ஹப்பைத் தொடுவதில்லை. பக்கத்து வீட்டுச் சீனத்து மனிதர் சில நாட்கள் வேலிக்கு மேலால் பார்த்துவிட்டு, ஒருநாள் "விற்கப்போகிறீர்களா?" என்று கேட்டார். "இல்லை, நாளைக்கும் ஓட," என்றேன். நாளைக்கும் ஊத்தையாகப் போகிற ஒன்றை ஏன் கழுவுகிறாள் என்று அவருக்கு விளங்கவில்லை. அடுத்த கிழமை, விற்கும்போது தனக்குச் சொல்லச் சொன்னார்.

பிறகு அந்தக் காலை வந்தது. இரவெல்லாம் பனி, விடிய மழை. றோட்டில் கணுக்கால் வரை சேறு. கார்கள் ஊர்ந்தன, நான் ஓரத்தால் ஊர்ந்தேன். சேற்றுக்குள் மறைந்திருந்த குழி ஒன்றில் பின் சில்லு தொப்பென்று இறங்கியது. 'டங்' என்று ஒரு சத்தம். சித்தப்பா கேட்டிருந்தால் என்ன சுரமென்று சொல்லியிருப்பார். இறங்கிப் பார்த்தேன்: ஒரு கம்பி அறுந்து தொங்கியது. சித்தியின் முகம் கண்முன் வந்தது. சைக்கிளைத் தூக்கி, சில்லைக் கையால் சுற்றினேன். கொஞ்சம் நெளிந்தது, எங்கும் உரசவில்லை. டிஸ்க் பிறேக்குக்கு றிம்மின் நெளிவு ஒரு பொருட்டில்லை. மிச்ச முப்பத்தொன்றும் தாங்கின. அறுந்ததைப் பக்கத்துக் கம்பியில் சுற்றிவிட்டு ஏறி மிதித்தேன். நேரத்துக்கே கதவைத் திறந்தேன். முதலில் வரவேண்டிய நோயாளி வரவில்லை. டொக்டரே வரவில்லை. வெளிச்சம் போட்ட நிலையத்துக்குள், கையில் கிறீஸோடு, மகாராணி மாதிரி இருந்தேன்.

பின்னேரம் சித்தி சில்லைக் குனிந்து பார்த்தா.

"கம்பி அறுந்துதானே கிடக்கு? அப்ப முடிஞ்சுது."

"றோட்டில விட்டாத்தான் எண்டு சொன்னனீங்கள் சித்தி. உது என்னைக் கொண்டுபோய், கொண்டும் வந்திட்டுது."

"சட்டம் கதைக்கிறாய்?"

சித்தப்பா ரிவியைப் பார்த்தபடியே, "கேளன் பிள்ளை, காலமை சித்தியின்ர கார் எங்க நிண்டதெண்டு," என்றார்.

வீட்டு வாசல் சரிவிலேயே கார் வழுக்கி, குறுக்காக நின்று, இழுக்கிற லொறி வரும்வரை சித்தி வேலைக்குப் போகவில்லையாம். சித்தி மேலே போனா. கொஞ்ச நேரத்தில் பழைய துவாய் ஒன்று படியால் உருண்டு வந்தது. "என்ர நல்ல துவாயால துடைக்காத. உதை வைச்சுக்கொள்."

இப்போது மேசையில் இன்னொரு ஹப் இருக்கிறது. அம்மாவின் சைக்கிளுக்கு. பாசையூரில் அம்மா சந்தைக்கு ஓடுகிற சைக்கிளின் பின் சில்லு உப்பில் கரைந்துகொண்டிருக்கிறது. போனில் கம்பியை எண்ணிச் சொல்லுங்கோ என்றால், அம்மா ஒவ்வொரு முறையும் வேறு கணக்குச் சொல்கிறா.

"ஏன் பிள்ளை, இஞ்ச சில்லு விக்கிறேல்லையே?"

"விக்கினம் அம்மா. ஆனா அது நான் கட்டினதில்லையே."

றிம் என் பெட்டிக்குள் அடங்காது. அதனால் ஹப்பும் கம்பியும் பித்தளை நிப்பிளும் இங்கிருந்து போகும், றிம்மை யாழ்ப்பாணத்துக் கடையில் வாங்குவேன். வருகிற மாரியில் ஊருக்குப் போய், கிணற்றடிக்குப் பக்கத்தில், சைக்கிளைத் தலைகீழாக நிறுத்திவைத்து இரண்டையும் கோர்க்கப் போகிறேன். சுருதி பார்க்கும் நேரம் போனைச் சில்லுக்குப் பக்கத்தில் பிடித்து ஒவ்வொரு கம்பியாகச் சுண்டுவேன். எது இறங்கி நிற்கிறதென்று மில்லிக்கனில் இருந்து சித்தப்பா சொல்லட்டும்.