அக்டோபர் விலை

பத்தொன்பது வருஷமாக மாதந்தவறாமல் டொலிடோ நகரத்தில் எங்கள் மளிகைக் கடைக்கு வந்து, அதே மாட்டிறைச்சி, அதே முட்டை என்று விலை எழுதிக்கொண்டு போவாள் வெர்னா கோவால்ஸ்கி. அரசாங்கம் வெளியிடும் விலைவாசிக் கணக்கே இவளைப் போன்றவர்கள் எழுதுவதுதான். அந்த அக்டோபரில் வாஷிங்டன் பெருந்தலைகள் பட்ஜெட்டுக்காக முறைத்துக்கொண்டு அரசாங்கத்தையே இழுத்து மூடினார்கள். சம்பளம் வாங்காமல்கூட யாரும் வேலை செய்யக்கூடாது, செய்தால் குற்றம் என்று அவளுக்குக் கடிதம் வந்தது.

ஆனாலும் வந்தாள். கூடையில் ரொட்டி, கையில் சொந்த நோட்டு. என் இறைச்சிக் கவுண்டர் முன்னால் நின்று எழுதினாள்.

"யாராவது பாத்தா வேலை போயிடும், வெர்னா. பைத்தியமா உனக்கு?"

"சும்மா இரு, ஹோமர். இன்னைக்கு விலையை அடுத்த மாசம் யார்கிட்ட போய்க் கேக்கறது?"

மேனேஜர் தலை தெரிந்ததும் நோட்டு ரொட்டிக்கு அடியில் போனது.

நவம்பர் நடுவில் அலுவலகம் திறந்தது. மேலதிகாரியிடம் நோட்டை நீட்டியிருக்கிறாள். அவர் கையை மேசைக்கடியில் இழுத்துக்கொண்டாராம்.

"நீங்க எதுவும் எழுதல, நான் எதுவும் பாக்கல. உள்ள வைங்க."

டிசம்பரில் செய்தித்தாளை என் கவுண்டரில் விரித்தாள். விலைவாசிப் பட்டியலில் மாட்டிறைச்சிக்கு நேரே அக்டோபர் கட்டம் காலி.

"விவரம் கிடைக்கலையாம், ஹோமர்" என்றாள். நோட்டு அவள் கோட்டுப் பையில் துருத்திக்கொண்டிருந்தது.