டோனலின் மோதிரவிரல்

போன சனிக்கிழமை ஒஸ்லோவின் புருசெத்தில் ஒரு பள்ளிக்கூடத்தில் லொப்பமார்க்கெட். அயலவர்கள் வேண்டாமென்று ஒதுக்கிய சாமான்களையெல்லாம் கொண்டுவந்து தேகப்பயிற்சி மண்டபத்தில் குவித்துவிடுவார்கள். நானும் மனைவியும் ஒரு சட்டிக்கு மூடி தேடிப் போய், மூடியைத் தவிர மற்ற எல்லாவற்றையும் பார்த்துக்கொண்டு நின்றோம். பழைய பனிச்சறுக்குக் கட்டைகளுக்கும் கால் ஆடுகிற ஒரு கதிரைக்கும் நடுவில், அடுப்புக்குக் காற்றடிக்கிற துருத்தி ஒன்று கிடந்தது. எடுத்தேன். தோல் மணம். துருத்தியை இரண்டு கையாலும் பிடித்து அமுக்குவதுதான் உலக வழக்கம். நான் அதை வலது கக்கத்துக்குள் செருகி முழங்கையால் அமுக்கினேன்.

"என்னப்பா செய்யிறியள்? சனம் பாக்குது. எங்கட வீட்டில புகைபோக்கியே இல்லை, உதை வையுங்கோ," என்றாள் மனைவி.

வைத்துவிட்டேன். ஆனால் முழங்கை நிற்கவில்லை. பேருந்தில் வரும்போதும் அது தன்பாட்டில் மெல்ல மெல்ல அமுக்கிக்கொண்டே வந்தது. துருத்தியைக் கக்கத்தில் வைக்க என்னைப் பழக்கியவர் டோனல். பழக்கினார் என்று சொல்வதும் அதிகப்படிதான். பத்து நிமிடம் தன் வாத்தியத்தை என் மடியில் வைத்துக் கட்டிவிட்டார். நான் எழுப்பிய சத்தத்தைக் கேட்டு மேற்பார்வையாளர் இயந்திரத்தில் ஏதோ பட்டி அறுந்துவிட்டதென்று ஓடிவந்தார்.

இயந்திரம் என்றது சலவை இயந்திரத்தை. நான் இந்த நாட்டுக்கு வந்து பார்த்த முதல் வேலை, ஒஸ்லோவின் கிழக்கில் இருந்த ஒரு பெரிய சலவைக்கூடத்தில். ஆஸ்பத்திரிகளின் படுக்கை விரிப்புகள் அங்கே மலை மலையாக வரும். ஹவுகன்ஸ்டுவாவில் நாலு பேரோடு ஓர் அறையில் இருந்த காலம். வெளியே மூக்கு மயிர் உறைகிற குளிர். உள்ளே வேர்த்து ஒழுகும். சவர்க்காரமும் ஆவியும் சூடான பருத்தியும் கலந்த அந்த மணத்தை இன்றைக்கும் யாராவது இஸ்திரி போடும்போது என் மூக்கு தேடும்.

முதல் நாளே என்னை விரிப்பு போடுகிற இடத்தில் விட்டார்கள். அது இரண்டு பேர் செய்கிற வேலை. ஈரமான விரிப்பின் ஒரு முனையை ஒருவர், மறுமுனையை மற்றவர் பிடித்து, உள்ளங்கையால் சுருக்கத்தைத் தடவி எடுத்துச் சூடான உருளைக்குள் விடவேண்டும். மறுமுனையில் நின்றவர் செம்பட்டைத் தலையும் நீளமான கைகளுமாக ஒரு வெள்ளைக்காரர். நோர்வேக்காரர் என்று நினைத்து, வகுப்பில் பாடமாக்கிய வணக்கத்தை ஒப்புவித்தேன். அவர் சிரித்துக்கொண்டு, என்னுடையதைவிட மோசமான நொர்ஸ்கில், அதுதான் நோர்வே மொழியில், பதில் சொன்னார். அன்றே எனக்கு அவரைப் பிடித்துவிட்டது. நாங்கள் இருவரும் பேசியது அந்த உடைந்த நொர்ஸ்கைத்தான். அதில் 'நீங்கள்' இல்லை, எல்லாரும் 'நீ'தான். அதை நான் இங்கே எங்கள் தமிழில் எழுதுகிறேன். வேறு வழி தெரியவில்லை.

டோனல் அயர்லாந்தின் மேற்குக் கரைக்காரர். வீட்டில் பேசியது ஆங்கிலம் அல்ல, அவர்களுடைய பழைய ஐரிஷ் மொழி. பன்னிரண்டு வயதில், செத்துப்போன சித்தப்பாவின் பெட்டிக்குள்ளிருந்து அந்த வாத்தியத்தை எடுத்திருக்கிறார். தோல்பை வாத்தியம் என்றதும் நீங்கள் ஸ்கொட்லாந்து ஊர்வலங்களில் கன்னம் உப்ப ஊதுகிறார்களே, அதை நினைக்காதீர்கள். இதை வாயால் ஊதுவதில்லை. உட்கார்ந்துகொண்டுதான் வாசிக்கவேண்டும். வலது கக்கத்துத் துருத்தி காற்றடிக்கும், இடது கக்கத்துப் பை அதைத் தாங்கும், மடியில் குறுக்கே கிடக்கிற குழல்கள் எங்கள் ஒத்து மாதிரி ஒரே சுருதியைப் பிடித்துக்கொண்டு நிற்கும். விரல்கள் ஓடுகிற குழலுக்கு நாதஸ்வரத்தைப்போலவே சீவாளி உண்டு. வாய் சும்மா இருப்பதால் வாசிப்பவர் விரும்பினால் கதைக்கவும் செய்யலாம். டோனல் வாசிக்கும்போது கதைத்ததில்லை.

"ஏழு வருஷம் படிக்கோணும், ஏழு வருஷம் பழகோணும், ஏழு வருஷம் வாசிக்கோணும். அப்பத்தான் வாத்தியகாரன் எண்டு எங்கட ஊரில சொல்லுவினம்," என்று ஒருநாள் சொன்னார். விரிப்பை உருளைக்குள் விட்டுவிட்டுத் தொடர்ந்தார்: "பிறகு நோர்வேக்கு வந்து உடுப்புத் தோய்க்கலாம்."

இருபத்தைந்து வயதில் இன்னும் இரண்டு பேரோடு ஜெர்மனி, டென்மார்க் என்று ஊர் ஊராகப் போய் வாசித்திருக்கிறார். ஒஸ்லோவில் ஒரே ஒரு கச்சேரி. அதற்கு வந்திருந்த மாரிட் என்ற பள்ளிக்கூட ஆசிரியை, வாத்தியத்தின் பெயரைக் கேட்க மேடைக்குப் பின்னால் போனாள். அவ்வளவுதான். மற்ற இருவரும் கப்பல் ஏறினார்கள், டோனல் ஏறவில்லை. சில வருடம் திருமணங்களிலும் விழாக்களிலும் வாசித்தார். நகர மத்தியில் ஒரு மதுச்சாலையில் ஒவ்வொரு சனியும் அவருக்கென்று ஒரு மூலை இருந்தது. பிறகு அங்கே கிற்றாரும் சேர்ந்து பாடுகிற பாட்டும்தான் வேண்டுமென்றார்கள். உட்கார்ந்து கண்ணை மூடிக்கொண்டு வாசிக்கிறவரைப் பார்த்தால் வந்தவர்களுக்குக் கவலை வருகிறதாம்.

போதாததற்கு ஒஸ்லோவின் பனிக்காலம். குளிர் அல்ல, வீட்டுக்குள் ஓடுகிற சூடுதான் எமன். காற்று காய்ந்து, சீவாளி வாயை மூடிக்கொண்டுவிடும். அதனால் அவர் பெட்டியைத் தூக்கிக்கொண்டு வேலைக்கே வந்துவிடுவார். மதிய இடைவேளையில், நாங்கள் பாணைக் கடிக்கும்போது, அவர் ஆவி பறக்கிற கொதிகலனுக்குப் பக்கத்தில் கூடை ஒன்றைக் கவிழ்த்துப் போட்டு உட்காருவார். "ஒஸ்லோவில எங்கட ஊர்க் காத்து இருக்கிறது இஞ்சை மட்டுந்தான்," என்பார். என் வயது அப்போது இருபத்தாறு. அந்த இடைவேளைகளில் கேட்டதைப்போல ஒன்றை நான் பிறகு கேட்கவில்லை. அன்றைக்கு அது தெரியவில்லை. பாதி நாள் மரவாங்கு ஒன்றில் படுத்து நித்திரை கொண்டிருக்கிறேன்.

என் தம்பி வன்னியில் செத்துப்போன செய்தி ஒரு செவ்வாய்க்கிழமை தொலைபேசியில் வந்தது. உடல் கிடைக்கவில்லை. தமிழ்ச் சனம் கூடுகிற கத்தோலிக்கக் கோவிலில் பூசை ஒப்புக்கொடுத்தோம். நான் டோனலைக் கூப்பிடவில்லை. அவராகவே பெட்டியோடு வந்து பின்வரிசையில் இருந்தார். பூசை முடிந்து சனம் எழும்பப் போகிற நேரம், வாத்தியத்தைக் கட்டிக்கொண்டு வாசிக்கத் தொடங்கினார். முன்னால் இருந்த செபஸ்தியான் அண்ணை என் காதுக்குள், "உதென்னடா தம்பி, மூக்கால அழுகுது?" என்றார். சற்று நேரத்தில் அவரே சால்வையால் முகத்தை மூடிக்கொண்டார். அதுவரைக்கும் எனக்கு அழுகை வரவில்லை. அன்றைக்குத்தான் வந்தது. அந்த மனிதருக்கு நான் பட்டிருக்கிற கடன் என்னவென்று இப்போது உங்களுக்கு விளங்கும். அதை நான் எப்படித் தீர்த்தேன் என்பதைத்தான் சொல்ல வருகிறேன்.

அதற்கு மூன்று நாலு வருடங்களுக்குப் பிறகு இருக்கும். ஒருநாள் விரிப்பை நீவும்போது அவருடைய பக்கத்தில் ஒரு மடிப்பு விழுந்தது. அடுத்ததிலும் விழுந்தது. பார்த்தேன். வலது உள்ளங்கை துணியில் முழுதாகப் படியவில்லை. மோதிரவிரல் கொஞ்சம் உள்ளே வளைந்து நின்றது. அதன் அடியில், கையின் தோலுக்குக் கீழே, கயிறு மாதிரி ஒன்று இழுத்துக்கொண்டிருந்தது. நான் ஒன்றும் சொல்லாமல் என் பக்கத்திலிருந்து எட்டி அந்த மடிப்பைத் தடவி எடுத்தேன். அன்றிலிருந்து இரண்டு வருடம் அப்படியே எடுத்துக்கொண்டிருந்தேன். அவருக்கும் தெரியும், எனக்கும் தெரியும், இருவரும் காலநிலையைப் பற்றிக் கதைத்தோம்.

அது வடக்கு ஐரோப்பியர்களுக்கு வருகிற ஒரு வருத்தம் என்றும், விரல் மெல்ல மெல்ல உள்ளங்கைக்குள் மடங்கிவிடும் என்றும் பிறகுதான் அறிந்தேன். டோனல் அதற்கு முன்பே வைத்தியரிடம் போய் அறிந்திருக்கிறார். அந்தக் குழலின் துளைகளை விரல் நுனியால் மூடுவதில்லை. நீட்டிய விரலின் தட்டையான பகுதியால் மூடவேண்டும். நேராகாத விரல் அவருக்கு இல்லாத விரல்தான். வெட்டிச் சரிப்படுத்தலாம், ஆனால் பல மாதம் வாசிக்கக்கூடாது என்று வைத்தியர் சொல்லியிருந்தார்.

அந்த நேரம் பார்த்து ஊரிலிருந்து கடிதம் வந்தது. அவர் பிறந்த ஊர் மண்டபத்தில் கோடையில் அவருக்கென்றே ஒரு மாலைக் கச்சேரி. வெளியேறி இருபத்தைந்து வருடத்தில் ஊர் அவரை நினைத்தது அதுதான் முதல்முறை. கடிதத்தை மார்புச் சட்டைப்பைக்குள் வைத்துக்கொண்டே வேலை செய்தார். ஆவியில் மை கலங்கி, எழுத்து நீலமாக ஊறிப்போனது. ஒருநாள் விரிப்பைப் பிடித்தபடியே கேட்டார்:

"நீ ஒவ்வொரு நாளும் என்ர கையைப் பாக்கிறாய். உண்மையைச் சொல்லு. வெட்டிப்போட்டு இந்தமுறை போகாமல் விடட்டோ, போகட்டோ?"

அவர் முகத்தைப் பார்த்தேன். போ என்று சொல்லச் சொல்லிக் கேட்கிற முகம். "கை வடிவாத்தானே கிடக்கு. குளிருக்கு விறைச்சிருக்கும். போட்டு வா," என்றேன். சொல்லிவிட்டு அவர் பக்கத்து மடிப்பைத் தடவி எடுத்தேன்.

"அவரைத் தனிய விடாதை," என்று மாரிட் கேட்டதால் நானும் போனேன். அவளுக்குப் பள்ளிக்கூடத்தில் சோதனைக் காலம். அந்த ஊர் எனக்கு அந்நியமாகப் படவில்லை. கடல் மணம், கல்வேலி, எட்டிப்பார்க்கிற சனம். டோனலின் தங்கை நோரா ஓடிவந்து அவரைக் கட்டிப்பிடித்து, என் கையையும் விடாமல் பிடித்துக்கொண்டாள். மழை தூறிக்கொண்டேயிருந்தது. ஈரக் காற்றில் சீவாளி தானாகத் திறந்துகொண்டது. மண்டபத்தின் பின்னறையில் சுருதி சேர்த்தபோது, இத்தனை வருடத்தில் அந்த வாத்தியம் அப்படிப் பேசி நான் கேட்டதில்லை. டோனல் என்னைப் பார்த்துக் கண்ணடித்தார்.

மண்டபம் நிறைந்திருந்தது. மெதுவான இசை ஒன்றில் தொடங்கினார். மேல் சுரங்களில் நின்றவரைக்கும் எல்லாம் சரி. சனம் மூச்சுவிடவில்லை. பிறகு இசை கீழே இறங்கவேண்டிய இடம் வந்தது. விரல் துளையைத் தொட்டது, மூடவில்லை. குழல் கிறீச்சிட்டது. நிறுத்தி, முதலிலிருந்து வாசித்தார். அதே இடத்தில் அதே கிறீச்சு. மூன்றாம் முறை, இடது கையை எட்டவிட்டு அந்த விரலைத் துளையின் மேல் அழுத்திவைக்கப் பார்த்தார், எல்லார் முன்னாலும். யாரோ கைதட்டினார்கள். பாவமென்று நினைத்துத் தட்டியிருப்பார்கள். உடனே மண்டபம் முழுவதும் எழுந்து நின்று தட்டத் தொடங்கியது. பாதியில் நின்ற இசைக்கு அப்படியொரு கைதட்டல். டோனல் வாரைக் கழற்றினார், வாத்தியத்தைக் கதிரையில் வைத்தார், பக்கக் கதவால் வெளியே போனார்.

நான் பின்னால் ஓடினேன். மழையில் மதிலோரம் நின்றார்.

"எப்ப இருந்து உனக்குத் தெரியும்?"

"ரெண்டு வருஷமா."

"ஏன் எனக்குச் சொல்லேல்லை? நான் கேட்டனான் எல்லோ."

உள்ளே இன்னும் தட்டிக்கொண்டிருந்தார்கள். அவர் மண்டபத்தைக் கையால் காட்டி, என்னையும் காட்டி, "எல்லாரும் நல்ல மனுசர்," என்றார். காறித் துப்பியிருந்தால் எனக்கு இவ்வளவு நொந்திருக்காது.

திரும்பி வந்து வெட்டிக்கொண்டார். ஒரு வருடம் விரல் நேராக இருந்தது. அந்த ஒரு வருடத்தில் அவர் பெட்டியைத் திறக்கவில்லை. பிறகு விரல் மறுபடி மடங்கியது, பக்கத்து விரலையும் இழுத்துக்கொண்டு. பிறகு மற்றக் கை. சலவைக்கூடத்தில் வேறு இயந்திரம் கேட்டு மாறிப்போனார். மதியம் எதிர்ப்பட்டால் தலையசைப்பார். நான் விளக்கம் சொல்ல வசனம் தேடினேன். என் நொர்ஸ்க் நாளுக்கு நாள் திருந்தியது, அந்த வசனம் மட்டும் அமையவில்லை. பிறகு எனக்கு வேறு வேலை கிடைத்தது.

பல வருடம் கழித்து மாரிட் அழைத்தாள். டோனல் முதியோர் இல்லத்தில், நினைவு தடுமாறி. போனேன். என்னை அடையாளம் கண்டாரா தெரியாது. இரண்டு கைகளும் முட்டிகளாக மூடியிருந்தன. உள்ளே நகம் குத்திப் புண்ணாகியிருந்தது. பணியாளர்களுக்கு நேரமில்லை. நான் ஞாயிற்றுக்கிழமைகளில் போய், இளஞ்சூட்டுத் தண்ணீரில் நனைத்த துணியால் ஒவ்வொரு விரலாக விலக்கித் துடைத்து, நகம் வெட்டிவிடுவேன். இதைப் பரிகாரம் என்று நினைத்துவிடாதீர்கள். நானும் அப்படி நினைக்கப் பார்த்தேன், நடக்கவில்லை.

நொர்ஸ்க் அவரை விட்டுப் போயிருந்தது. ஆங்கிலமும் போனது. கடைசியில் பிறந்த மொழி மட்டும்தான். ஒரு ஞாயிறு, கையைத் துடைத்துக்கொண்டிருக்கும்போது, என் முகத்தை நேராகப் பார்த்து நிறையச் சொன்னார். கோபமா, மன்னிப்பா, தாகமா, ஒன்றும் விளங்கவில்லை. மாரிட்டுக்கும் அந்த மொழி தெரியாது. நான் "ஓம், ஓம்" என்று தலையாட்டிக்கொண்டிருந்தேன். அந்தக் கிழமையே இறந்துபோனார்.

இன்றைக்கு அந்தச் சலவைக்கூடம் இல்லை. அந்த இடத்தில் அடுக்குமாடி. ஆஸ்பத்திரித் துணிகள் எங்கோ தூரத்துக்கு லொறியில் போகின்றனவாம். மாரிட் வடக்கே அக்காவிடம் போய்விட்டாள். வாத்தியத்தை அவர்களுடைய மகள் வாங்கிப் போனாள். தோல் காய்ந்து வெடித்திருந்தது என்று கேள்வி. செபஸ்தியான் அண்ணையும் போய்விட்டார்.

டோனலின் அடக்கத்துக்கு நோரா வந்திருந்தாள், கைத்தடியோடு. அந்தக் கோடைக்குப் பிறகு டோனல் அவளுக்குக் கடிதமும் எழுதவில்லை, தொலைபேசியையும் எடுக்கவில்லையாம். கல்லறையடியில் என்னைப் பக்கத்துக்கு இழுத்து, மெதுவான ஆங்கிலத்தில் கேட்டாள்: "கடைசியா எங்கட பாஷையில ஏதோ சொன்னவராம். மாரிட் சொன்னாள். என்னெண்டு உனக்குச் சொல்லிக்காட்ட ஏலுமோ? சத்தத்தை மட்டும் சொல்லு, நான் பிடிச்சிடுவன்."

அவள் தன் காதை என் வாயருகே கொண்டுவந்தாள். நான் வாயைத் திறந்தேன். அவர் சொன்னதில் ஒரு சத்தமும் என் நினைவில் மிஞ்சியிருக்கவில்லை.