கட்டிலுக்கடியில் பதினொரு கோழி

சேரம்பாடி எஸ்டேட்டில் கொழுந்து பறிக்கிற தெய்வம்மாவுக்கு எங்கள் லைன் வீட்டு வரிசையில் இரண்டு பெயர். நேரில் தெய்வம்மாக்கா, முதுகுக்குப் பின்னால் கோழிக்காரி. தனி ஆள். அவளுடைய பதினொரு கோழிகளும் கட்டிலுக்கடியில்தான் தூங்கும். வெளியே விட்டால் சிறுத்தை கூப்பிடாமலே விருந்துக்கு வந்துவிடும்.

கோழிகளுக்கு மெத்தை, வயநாட்டு வைக்கோல். மழையில் அது நமுத்துப் பச்சையாகப் பூசணம் பிடித்தாலும் கொட்ட மாட்டாள். அடுப்பங்கரையில் காயவைத்து, கதவைச் சாத்திக்கொண்டு உதறி, மறுபடியும் கட்டிலுக்கடியில் போடுவாள். அந்தச் சிக்கனத்தைப் பற்றி எங்களுக்குப் பாடம் வேறு எடுப்பாள்.

ஒரு வருடமாக அவளுக்கு இருமல். கொழுந்து மூட்டையோடு ஏற்றத்தில் நாலு தடவை நின்று மூச்சு வாங்குவாள். வேலையை விட்டால் லைன் வீட்டையும் விட வேண்டும். போக வேறு போக்கிடம் இல்லை. அந்தப் பயத்தில் டிஸ்பென்சரி மருந்தைக் குடித்துக்கொண்டு சமாளித்தாள். டிபி என்று சொன்ன வாய்களை, சளிப் பரிசோதனைச் சீட்டை நீட்டி அடைத்தாள். பெரிய ஆஸ்பத்திரிக்குப் போகச் சொன்னால் லீவு இல்லையாம்.

அப்புறம் கோழிகள் வாயைப் பிளந்து மூச்சுக்குத் திணறின. மூன்றாம் நாள் ஒன்று செத்ததும் மகராசிக்கு லீவு கிடைத்துவிட்டது. செத்ததைப் பையில் போட்டுக்கொண்டு பஸ் ஏறினாள்.

மலையாளியான கால்நடை டாக்டர் ஆஷ்லி கோழியை அறுத்துக் காட்டினார். நுரையீரலில் வெள்ளை வெள்ளையாகக் குருணை.

"பூசணம். வைக்கோல்ல இருந்து மூச்சுல போயிருக்கு. கோழிக எங்க படுக்கும்?"

"என் கட்டிலுக்கடியிலங்க." சொல்லிவிட்டு இருமினாள்.

டாக்டர் கத்தியைக் கீழே வைத்தார். "சேச்சிக்கு எத்தற நாளா இருமல்?"

"நான் கோழியக் காட்ட வந்தேங்க."

"கோழி செத்துப்போச்சு. சேச்சி இருக்கீங்கல்ல?"

மாட்டு டாக்டர் கொடுத்த சீட்டோடு மனுஷ ஆஸ்பத்திரிக்குப் போவதா என்று இரண்டு நாள் குதித்தாள். பிறகு போனாள். ஸ்கேன், ரத்தப் பரிசோதனை எல்லாம் எடுத்துப் பார்த்தால், அவள் நெஞ்சிலும் அதே பூசணம். மாதக்கணக்கில் மாத்திரை. வைக்கோலைக் குழிக்குள் போட்டு மூடினாள். பிழைத்த கோழிகளை வெளியே கூண்டில் வைத்தாள். சிறுத்தை ஒன்றைக்கூட மிச்சம் வைக்கவில்லை.

மாசியில் ஒரு நாள் மூட்டையோடு ஏற்றத்தை நிற்காமல் ஏறினாள். மேலே போய் உட்கார்ந்து தேம்பித் தேம்பி அழுதாள். கோழி ஞாபகம் போல என்று நினைத்துக்கொண்டு பக்கத்தில் போனேன்.

"கோழிக்கு மூணாம் நாளே பஸ் ஏறுனேன் செல்வி. எனக்கு ஒரு வருஷமா ஏறலயே."

அந்த ஒரு வருடமும் சுவருக்கு இந்தப் பக்கம் படுத்து அவள் இருமலைக் கேட்டுக்கொண்டிருந்தவள் நான்.