துப்பாக்கிக்குக் கட்டிய ரிப்பன்

அப்பாவின் துப்பாக்கி லைசென்ஸ் இந்த வருஷம் என் பெயருக்கு மாறியது. துப்பாக்கியின் கட்டையில் டர்பன்டைன் தடவி உப்புத்தாளால் தேய்த்தேன். பிற்பாடு முழுக்க அடித்த பழுப்புப் பூச்சுக்கு அடியில் பச்சை தெரிந்ததும் அந்த வாடையோடு அப்பாவும் நினைவில் வந்துவிட்டார்.

சுருளிப்பட்டியில் எங்கள் திராட்சைத் தோட்டத்துக்குள் காட்டுப்பன்றி இறங்கும். துப்பாக்கி மின்னுவதைப் பார்த்தே அது ஓடிவிடுகிறது என்று அப்பா நம்பினார். மினுமினுப்பை மறைக்கப் புதுப் பெயிண்டு வாங்க மனமில்லை. ஜன்னலுக்கு அடித்து மிஞ்சிய பச்சையைப் பூசினார். அதன்மேல் திராட்சை இலைகளை வைத்துச் சுற்றிலும் பழுப்பை ஒற்றினார். காயும்வரை பொறுக்காமல் தோட்டத்துக்குத் தூக்கிப் போனார். பந்தலடியில் அதை வைத்துவிட்டு, பிசுபிசுத்த கையைக் கழுவித் திரும்பினால் துப்பாக்கியைக் காணோம்.

“ஸ்டேஷன்ல கேட்டா என்னத்தச் சொல்ல?” அப்பா பந்தலைச் சுற்றிச் சுற்றித் தேடினார்.

அம்மா குனிந்து மோந்தபடியே நடந்தாள். “பெயிண்டு வாடை இங்கனதான் வருது.”

சருகுக்குள் கிடந்ததை எடுத்தாள். என் சடையிலிருந்த சிவப்பு ரிப்பனை உருவி அதில் கட்டினாள். “பன்னி பாத்தா பாத்துட்டுப் போகுது. நம்ம கண்ணுக்குத் தெரியணும்ல.”

இப்போது தேய்க்கத் தேய்க்க ஒரு இலை முழுசாக வெளியே வந்தது. அதன்மேல் உப்புத்தாளை வைக்கவில்லை. மகளைக் கூப்பிட்டு ரிப்பன் கேட்டேன்.

“எதுக்கும்மா?” என்று கேட்டுக்கொண்டே சடையை அவிழ்த்தாள்.