கங்கையா குவைத்துக்குப் போகாத கதை

ஹரிபாபு புத்தகம் எழுதிவிட்டான். அமெரிக்காவில் பதினைந்து வருஷமாகக் கம்ப்யூட்டரைத் தட்டிச் சம்பாதித்தது போதவில்லை போலிருக்கிறது, ஐயாவுக்கு இப்போது குழந்தைகளுக்குக் கதை சொல்லும் ஆசை வந்திருக்கிறது. சென்னையில் அச்சாகி, பாலசமுத்திரத்து வீட்டுக்கு ஐந்து பிரதிகள் கூரியரில் வந்து சேர்ந்தன. அட்டையில் பாவாடை சட்டை போட்ட ஒரு சிறுமி குதிரைமேல் உட்கார்ந்திருந்தாள். அவள் கண்களிலிருந்து மஞ்சள் வெளிச்சம் அடித்தது. அந்தச் சிறுமி தான்தான் என்று தெரிந்தபோது, ஹரிபாபுவின் தங்கை தாட்சாயணிக்கு எரிச்சலாக வந்தது. பாலசமுத்திரத்தில் அவள் குதிரையைக் கண்டது ஒரே ஒரு கல்யாண ஊர்வலத்தில். அதுவும் நொண்டிக் குதிரை.

பாலசமுத்திரம் ஆந்திர எல்லைக்குள் இருக்கிற ஊர்; வீட்டில் பேசுவது தமிழ், ஊர்ப் பள்ளிக்கூடத்தில் தெலுங்கு. அவள் ஏழாவது வரை படித்ததெல்லாம் தெலுங்கில்தான். ஹரிபாபுவை மட்டும் எல்லைக்கு அந்தப் பக்கம், பள்ளிப்பட்டில் மாமன் வீட்டில் விட்டுத் தமிழில் படிக்க வைத்தார்கள். அதனால் தன்னைப் பற்றி எழுதிய புத்தகத்தைப் படிக்கவே அவளுக்கு ஓர் ஆள் வேண்டியிருந்தது. அடுத்த வீட்டு மருமகள் சிவசங்கரி திருத்தணிப் பெண், மாங்கூழ் ஃபேக்டரியில் இவளோடு பழம் அறுக்கிறவள். சீசன் முடிந்து கை சும்மா இருந்த ஒரு பகலில் அவள் வந்து உட்கார்ந்து உரக்கப் படித்தாள். எழுபது வயது அப்பா கங்கையா கட்டிலில் சாய்ந்துகொண்டு மகன் எழுதியதைக் கேட்டார்.

புத்தகத்தில் சிறுமியின் பெயர் மின்னி. நாளை நடப்பது இன்றைக்கே அவளுக்குத் தெரிந்துவிடும். அதை வைத்துக்கொண்டு அவள் சேஷாசலம் மலைக் குகைக்குள் நுழைகிறாள், செம்மரம் கடத்துகிறவர்களைக் கயிற்றால் கட்டிப்போடுகிறாள், ஒரு கிளி வேறு அவளுக்கு வழி சொல்கிறது. தாட்சாயணி கேட்கக் கேட்க முகத்தைச் சுளித்தாள். மலைமேல் ஏறாத பயல், மலையைப் பற்றி நாற்பது பக்கம் அளந்திருக்கிறான்.

உண்மையில் நடந்தது இவ்வளவுதான். ஒன்பது வயதில், நாகபூஷணத்தின் எருமை செத்துப்போகும் என்று அவள் சொன்னாள். அந்த எருமை இரண்டு நாளாக எழுந்து நிற்கவில்லை, கண் இருக்கிற யாரும் சொல்லியிருக்கலாம். நாளை வாத்தியார் வரமாட்டார் என்று சொன்னாள். அந்த மனிதர் அன்றைக்கெல்லாம் இருமிக்கொண்டிருந்தார். இதற்குப் போய் ஊரே வாயைப் பிளந்தது. அந்த வருஷங்களில் வீட்டுக்கு ஒருவன் குவைத்துக்குக் கிளம்பிக்கொண்டிருந்தான். விமானத்தை வானத்தில் மட்டும் பார்த்த ஜனம், பயத்தில் எதையாவது பிடித்துக்கொள்ளத் தேடியது, இந்தப் பெண் கிடைத்தாள். புறப்படுகிறவன் வாசல் இறங்கும்போது தாட்சாயணி தண்ணீர்க் குடத்தோடு எதிரே வர வேண்டும். பாஸ்போர்ட்டை அவள் கையில் கொடுத்து வாங்க வேண்டும். "போய்ட்டு வா மாமா, நல்லா இருப்ப" என்று அவள் வாயால் சொல்ல வேண்டும். சொன்னால் ஒரு கோன் ஐஸ். அவள் எல்லாருக்கும் நல்லா இருப்பாய் என்றே சொன்னாள். ஐஸ் யாருக்குத்தான் பிடிக்காது.

தொண்ணூற்று நான்கில் கங்கையாவின் முறை வந்தது. சொந்தமாக ஒரு சாண் நிலமில்லாமல் கூலிக்குப் போய்க்கொண்டிருந்தவருக்கு ஒரு ஷேக் வீட்டில் தோட்டவேலை. விசா வந்துவிட்டது. புதுச் சட்டை, புதுப் பை. வாசலில் ஊர் கூடி நின்றது. குடத்தோடு எதிரே வந்த பத்து வயது மகள் குடத்தைக் கீழே வைத்தாள்.

"போவாத நைனா. போனா செத்துடுவ" என்றாள்.

கங்கையா பையைக் கீழே வைத்தார். அம்மா பொன்னியம்மா தலையில் அடித்துக்கொண்டு அழுதாள். அதே வேலைக்குத் தன் பெயரில் விசா வாங்கிப் பங்காளி அண்ணாதுரை போனான். சாகவில்லை. பதினோரு வருஷம் இருந்து வந்து, கறுப்புக் கண்ணாடி போட்ட மாடி வீடு கட்டினான், டிராக்டர் வாங்கினான். ஊருக்கு இது உறைக்கவே இல்லை. அண்ணாதுரையின் தலையெழுத்து வேறு, கங்கையா போயிருந்தால் செத்திருப்பார் என்று அதற்கும் ஒரு சமாதானம் கண்டுபிடித்தார்கள். இப்படிப்பட்ட மூளைகளுக்கு நடுவில்தான் தாட்சாயணி வளர்ந்தாள்.

அவள் எதையும் கண்டதில்லை. அப்பா போனால் பேச்சுத் துணைக்கு ஆள் இல்லை, அம்மா எப்போதும் சிடுசிடு. நைனா போகக் கூடாது, அவ்வளவுதான். வெறுமனே அழுதிருந்தால் பிள்ளை அழுகிறது என்று தூக்கி ஓரமாக விட்டிருப்பார்கள். அதனால் செத்துடுவ என்றாள். அந்தப் பொய்க்கு அவள் கொடுத்த விலை பெரிது. பொன்னியம்மா கண்ணை மூடும்வரை, "உன் வாயாலதான் இந்தக் குடும்பம் மண்ணாப் போச்சி" என்று சொல்லிக்கொண்டே இருந்தாள். பெண் பார்க்க வந்த மூன்று வீட்டார் காபி குடித்துவிட்டு எழுந்து போனார்கள். ஆயுளைச் சொல்கிற பெண்ணைக் கட்டிக்கொண்டு எவன் நிம்மதியாகத் தூங்குவான். முப்பத்தைந்து வயதாகியும் அவள் இதே வீட்டில், அப்பாவுக்குச் சோறாக்கிப் போட்டுக்கொண்டிருக்கிறாள். ஊரைத் திட்டுவாள், தன்னையும் திட்டிக்கொள்வாள். அப்பாவை மட்டும் ஒரு நாளும் ஒரு சொல் சொன்னதில்லை. அவரைக் கூலிக்காரனாகவே கிடக்க வைத்த பாவம் தன்னுடையது என்று நினைத்தாள்.

சிவசங்கரி கடைசி அத்தியாயத்துக்கு வந்தாள். விமானம் எரிவதை மின்னி கனவில் காண்கிறாள். குதிரையில் பறந்துபோய் அப்பாவைத் தடுக்கிறாள். விமானம் நிஜமாகவே விழுகிறது. அப்பா மகளைக் கட்டிக்கொண்டு, "என் உயிர் நீ கொடுத்தது" என்கிறார். கங்கையா துண்டால் கண்ணைத் துடைத்துக்கொண்டார். சிவசங்கரியும் மூக்கை உறிஞ்சினாள், பிறகு அடுப்பில் உலை வைத்தது நினைவு வந்து எழுந்து போனாள்.

ஞாயிற்றுக்கிழமை திருப்பதியில் வெளியீட்டு விழா. அப்பாவும் தங்கையும் மேடையில் இருக்க வேண்டும், மகள் தன்னைக் காப்பாற்றிய கதையை அப்பா நாலு வார்த்தை பேச வேண்டும் என்று ஹரிபாபு போனில் சொல்லியிருந்தான். இதற்கென்றே விமானத்தில் வந்து திருப்பதியில் இறங்கியிருக்கிறான். நூறு பேர் முன்னால் அப்பா கண்ணீர் விட்டுத் தனக்கு நன்றி சொல்வதைத் தாட்சாயணியால் நினைத்துப் பார்க்க முடியவில்லை. அதற்கு முன்னால் சொல்லிவிட வேண்டும். அவர் எவ்வளவு திட்டினாலும் பரவாயில்லை.

"நைனா, நான் அன்னிக்கி எதையும் பாக்கல. நீ போவக் கூடாதுன்னு பொய் சொன்னேன்."

கங்கையா துண்டை மடித்தார்.

"தெரியும் மா" என்றார்.

"எப்ப தெரியும்?"

"அப்பவே. உன் மூஞ்சில எழுதி இருந்திச்சே. எனக்கும் ரொம்ப பயம். ஏரோபிளேன் ஏறணும், பாஷை தெரியாது, கண்காணாத எடம். பயமா கீதுன்னு ஆம்பள எப்படி சொல்றது, ஊரு சிரிக்காதா. நீ சொன்ன. சரின்னு பையை வெச்சிட்டேன்."

தாட்சாயணி அவர் முகத்தையே பார்த்தாள். சாந்தமான முகம், வெற்றிலை மென்ற வாய்.

"அம்மா சாவுற வரைக்கும் என்னத் திட்டிக்கினே இருந்தா. நீ இதே கட்டில்லதான இருந்த."

"இருந்தேன்."

"மூணு மாப்பிள்ள வூட்டுக்காரங்க எழுந்து போனாங்க. அப்பனா ஒரு வார்த்த சொல்லி இருக்கலாமே, எம்பொண்ணுக்கு அதெல்லாம் ஒண்ணும் தெரியாதுன்னு."

"சொல்லி இருந்தா, அப்ப நீ ஏன் போவலன்னு கேப்பாங்களே."

இருபத்தைந்து வருஷம். பத்து வயதுப் பெண்ணின் பாவாடைக்குப் பின்னால் ஒளிந்துகொண்டு ஓர் ஆண்பிள்ளை மீசையோடு இருபத்தைந்து வருஷம் ஓட்டியிருக்கிறான். ஊரில் இருந்த அத்தனை முட்டாள்களையும் அவள் வெறுத்திருக்கிறாள், வெறுக்க வேண்டிய ஆளுக்கு வேளா வேளைக்கு வெந்நீர் வைத்துக் கொடுத்திருக்கிறாள்.

"ஞாயித்துக்கெழம இத்த மேடைல சொல்லு" என்றாள்.

கங்கையா பதறினார். "அத்தினி பேரு முன்னால எப்படி மா? வேணும்னா நீயே சொல்லிடேன். பொய் சொன்னேன்னு நீ சொல்லு. சின்னப்புள்ள பண்ணதுதானே, யாரும் தப்பா நெனைக்க மாட்டாங்க."

அவள் போனை எடுத்து ஹரிபாபுவைக் கூப்பிட்டாள்.

"அண்ணா, நைனா வராரு. நான் வரல."

"நீ இல்லாம எப்படி? கதையே உன்னுதுதானே" என்றான் அவன்.

"அது அவரோட கதை. அவரு பேசுவாரு."

"இன்னா பேசுவாரு?"

"அவரையே கேளு" என்று சொல்லி வைத்துவிட்டாள்.

கட்டிலில் கங்கையா எழுந்து உட்கார்ந்துவிட்டார்.

"திருப்பதி வரைக்கும் தனியா எப்படி மா போவேன்?"

"பஸ்ஸு ஏறிப் போ" என்றாள் தாட்சாயணி.