பாதி கழுவிய படிக்கட்டு

இஷ்பெல் கெய்ர்னி பள்ளிக்கூடச் சமையலறையில் ஆயுசு முழுக்க சூப் காய்ச்சியவள். இளவயதில் அவள் தேசியக் கட்சியில் சேர்ந்தபோது, தொழிற்கட்சிக்காரரான அவளுடைய அப்பா ஒரு மாதம் முகம் கொடுத்துப் பேசவில்லை. அதற்கெல்லாம் அசருகிற ஆளா அவள்? ஸ்காட்லாந்து தனி நாடாவதைப் பார்த்துவிட்டுத்தான் கண்ணை மூடுவது என்று இருந்தாள். கணவர் போய்ச் சேர்ந்த பிறகு, கிளாஸ்கோவின் அந்தப் பழைய கட்டடத்து மூன்றாம் மாடியில் அவளுக்குப் பேச்சுத்துணை வானொலி ஒன்றுதான்.

எதிர்வீட்டு லாக்லன் பசுமைக் கட்சி. நாற்பதைத் தொட்டவன், சைக்கிள் ரிப்பேர்க்காரன், எந்நேரமும் கையில் கிரீஸ். இரண்டு கட்சிகளும் ஸ்காட்லாந்து ஆட்சியில் கைகோத்த அன்று வந்து அவள் கதவைத் தட்டினான்.

"இஷ்பெல், இனிமே நாம சம்பந்திங்க!"

அவளும் சிரித்துக்கொண்டே ஸ்கோன் ரொட்டி சுட்டுக் கொடுத்தாள். அது முதல் சனிக்கிழமைதோறும் இருவரும் சேர்ந்தே துண்டுப் பிரசுரம் போடப் போனார்கள். அவளுக்கு முழங்கால் வலி, மாடி ஏற முடியாது. அவனுக்கோ ஒரு கட்டடத்தின் வாசல் கதவையும் திறக்க வைக்கத் துப்பில்லை. எந்த வாசலில் எந்த மணியை அமுக்கினால் திறப்பார்கள் என்பது இஷ்பெலுக்கு அத்துப்படி. அவள் அமுக்குவாள், அவன் இரண்டு கட்சிப் பைகளையும் மாட்டிக்கொண்டு ஓடி ஏறுவான்.

இரண்டரை வருஷத்துக்கு மேல் இப்படியே போனது. அப்புறம் அரசு பருவநிலை இலக்கைக் கைவிட்டது, கூட்டணிக்குள் புகைச்சல் கிளம்பியது. ஏப்ரலில் ஒரு காலை, முதல்வர் பசுமைக் கட்சித் தலைவர்களைக் கூப்பிட்டு, எல்லாம் முடிந்தது என்று சொல்லிவிட்டார். செய்தியைக் கேட்டு இஷ்பெலுக்கே அது அநியாயமாகப் பட்டது. அதை லாக்லனிடம் சொல்லத்தான் கதவைத் திறந்தாள். எதிர்வாசலில் நின்றிருந்த அவன் முந்திக்கொண்டான்.

"வாங்க, வாங்க. காலங்காத்தால கூப்பிட்டு, ஒரு டீகூட குடுக்காம கழுத்தப் பிடிச்சு வெளிய தள்ளிட்டீங்களே, நல்லாருக்கா?"

"நானா தள்ளுனேன்? அடுத்த மாசம் ஓட்டெடுத்து நீங்களே வெளிய போறதாத்தானே இருந்தீங்க! நீங்க போனா கொள்கை, நாங்க அனுப்புனா துரோகமா?"

"பூமி வெந்துக்கிட்டிருக்கு. உங்களுக்குக் கொடிதான் முக்கியம்."

"ஆமாடா, எனக்குக் கொடிதான் முக்கியம். நீ போய் உன் சைக்கிளக் கட்டிக்கிட்டு அழு!"

இரண்டு கதவுகளும் படாரென்று சாத்திக்கொண்டன.

அந்தக் கட்டடங்களில் பொதுப் படிக்கட்டைக் கழுவுவதற்கு முறை உண்டு. ஒரு மாடியில் இரண்டு வீடு. ஆளுக்கு ஒரு வாரம். கழுவி முடித்தவர் 'இனி உங்கள் முறை' என்று அச்சடித்த அட்டையை எதிர்வீட்டுக் கைப்பிடியில் மாட்டிவிட வேண்டும். அந்த வாரம் அட்டை லாக்லன் கதவில் தொங்கியது. வெள்ளிக்கிழமை அவன் கழுவினான். தன் பக்கத்துப் பாதியை மட்டும்! மேல்படியிலிருந்து கீழ்ப்படி வரை நூல் பிடித்தாற்போல் பாதி ஈரம், பாதி அழுக்கு.

இஷ்பெல் பெரியவளாக, லட்சணமாக, அதைக் கண்டும் காணாமல் விட்டிருக்கலாம். விட்டாளா? வாளியைத் தூக்கிக்கொண்டு போய் மறுபாதியைக் கழுவினாள். அட்டையைப் பிடுங்கி நடுவில் இருந்த கிராதியில் மாட்டினாள். அது முதல் ஆளுக்குப் பாதிதான்.

கீழ்வீட்டு மிஸஸ் டெவனி இடுப்பில் கை வைத்து நின்று பார்த்தாள். "இதென்னடி கூத்து? எடின்பரோ சட்டசபையில அவனுங்க பிரிஞ்சா இங்க நீங்க எல்லை போடுவீங்களா? நான் எந்தப் பக்கம் கால் வெச்சா எந்தக் கட்சின்னு சொல்லிடுங்க."

இஷ்பெலுக்குச் சிரிப்பு வரவில்லை. லாக்லனின் அரட்டை இல்லாமல் சனிக்கிழமை சனிக்கிழமையாகவே இல்லை. கட்சிகள் இன்று அடித்துக்கொள்ளும், நாளை சேரும். தனக்கு இருந்த ஒரே துணையைத் தானே வாயால் கெடுத்துக்கொண்டோமே என்று மனம் அடித்துக்கொண்டது. ஆனால் போய்ச் சொல்ல ரோஷம் விடவில்லை.

ஜூனில் லண்டன் நாடாளுமன்றத் தேர்தலுக்குப் பிரசாரம் தொடங்கியது. கொட்டும் மழையில் இஷ்பெல் தனியாகப் பையோடு கிளம்பினாள். முதல் மாடி தாண்டவே முழங்கால் வீங்கிப்போனது. தெருமுனைக்கு வந்தால், எதிர்ச்சாரியில் லாக்லன் ஒரு வாசலில் தொப்பலாக நனைந்தபடி எல்லா மணிகளையும் அமுக்கிக்கொண்டிருந்தான். ஒருவரும் திறக்கவில்லை. கொஞ்ச நேரம் நின்று ரசித்தாள், பொய் சொல்வானேன். பிறகு தெருவைக் கடந்தாள்.

"மூணாவது மணி. அந்தம்மாவுக்குக் காது மந்தம், விடாம அமுக்கு."

கதவு திறந்தது. அவன் உள்ளே போகாமல் கதவைப் பிடித்துக்கொண்டு நின்றான்.

"உங்க பையையும் குடுங்க."

"கூட்டணி கிட்டணி ஒண்ணும் கிடையாது, சொல்லிட்டேன்."

"கிடையாது. இந்த ஒரு கட்டடம் மட்டும்."

"அடுத்தது?"

"அது வந்தப்புறம் பேசிக்கலாம்."

பெரும்பான்மை இல்லாமல் தனியாக நின்ற அரசும் எடின்பரோ சபையில் அப்படித்தான் ஒவ்வொரு ஓட்டுக்கும் ஆள் பிடித்து ஓடிக்கொண்டிருந்தது. இவர்களும் வாசலுக்கு வாசல் புதிதாகப் பேரம் பேசித் தெருவையே முடித்துவிட்டார்கள்.

தேர்தலில் அவள் கட்சி மண்ணைக் கவ்வியது. அவன் கட்சிக்கு ஸ்காட்லாந்தில் ஓர் இடமும் இல்லை. மறுநாள் காலை வெளியே தலைகாட்ட மனமில்லாமல், பால் வாங்க வேண்டுமே என்று கதவைத் திறந்தாள். படிக்கட்டு முழுக்க ஈரம். நடுவில் கோட்டைக் காணோம். அட்டை அவள் கைப்பிடியில் தொங்கியது.

"லாக்லன்! என் பாதியத் தொட உனக்கு யாரு அனுமதி குடுத்தா?"

எதிர்க்கதவு கொஞ்சமாகத் திறந்தது. "இந்த வாரம் மட்டும்தான், இஷ்பெல்."

அவள் கண்ணைத் துடைத்துக்கொண்டு தன் கதவை அகலத் திறந்து வைத்தாள்.

"உள்ள வா. இந்தத் தடவ டீ குடுத்துட்டுத்தான் வெளிய தள்ளுவேன்."